கெலிஓயா வினாகிரியும் டொரதியின் பட்டுநரம்பும்

அன்று காலையில் டொரதி இழுத்த முதல் நரம்பு பாதியில் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவதை மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். அது நீளவே இல்லை. காய்ந்த மெழுகு போலப் பட்டென்று முறிந்து விரல் நுனியில் நின்றது.

பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே போகும் வண்டிப் பாதையில், முசுக்கட்டைச் செடிகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கொட்டகை. அங்கே நடந்த வேலையைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பட்டுப்புழு வளர்த்தால் கூடு கட்டவிட்டு நூல் எடுப்பதுதான் எங்கும் வழக்கம். இங்கே கூடு கட்ட விடுவதில்லை. தின்றது போதுமென்று புழு தலையைத் தூக்கி, உடம்பு கண்ணாடி போலத் தெளியத் தொடங்கியதும், அதை எடுத்து வினாகிரி என்ற புளித்த காடி ஊற்றிய மண்சட்டியில் போட்டுவிடுவார்கள். இரவெல்லாம் ஊறிய புழுவை விடிந்ததும் பிளந்தால், உள்ளே இரண்டு பக்கமும் சுருண்டு கிடக்கும் பட்டுச்சுரப்பி வெளியே வரும். அதன் இரு முனைகளையும் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். முழங்கை நீளத்துக்கு ஒரு நரம்பு வரும். பலகையில் குத்திக் காயவைத்துவிட்டால் பெரிய மீன் துள்ளினாலும் அறாது; தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. தூண்டில் முள்ளுக்கு மேலே கட்ட அதைவிட நல்லதொன்று அந்தக் காலத்தில் இல்லை. மீன்பிடிப் பைத்தியம் பிடித்த ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர் நுவரெலியா ஓடைகளுக்காக விளையாட்டாய்த் தொடங்கியது, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டில் கொழும்புக் கடைகள் வரைக்கும் போயிருந்தது.

இழுப்பவள் டொரதி. கம்பளைப் பக்கத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கண்டியில் கன்னியாஸ்திரீகளிடம் ரேந்தை பின்னப் பழகியவள். மெல்லிய நூலோடு பழகிய கை என்று துரை அவளைத் தேர்ந்தெடுத்தார். அவளோடு அவள் புருஷன் கிளறன்ஸும் வந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து, குடியால் அந்த வேலையைத் தொலைத்தவன். ஒருமுறை டொரதி அவனை விட்டுவிட்டு மடத்து ரேந்தை அறைக்கே திரும்பிப் போயிருந்தாள். தபசுகாலத்தில் மாதாகோயில் சுவாமியார் முன்னால் முழந்தாளிட்டு, இனித் தொடுவதில்லை என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தாள். வரும்போதே சொன்னாள்: "இன்னொரு வாட்டி நான் போனா, கூட்டிக்கிட்டுப் போக வராதீங்க."

துரையும் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தம் காணிக்குள் எவனாவது குடித்தால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டும். கிளறன்ஸ் சரி தொர என்றான். இலை, புழு, ஸ்டோர், வினாகிரி எல்லாம் அவன் பொறுப்பாயின. தோட்டத்து மூலையில் இரண்டு அறை வீடும் கிடைத்தது.

நரம்பு அறுபடத் தொடங்கியதும் டொரதி இலையைச் சந்தேகித்தாள். பிறகு மழையை. பிறகு இலை வெட்டும் மூக்கையாவின் புகையிலைக் கையை. தினமும் காலையில் முறிந்த துண்டுகள் பலகையில் குவிந்தன. கடைசியில் துரை, பேராதனைப் பக்கத்து ஆய்வுகூடமொன்றில் உதவியாளராக இருந்த தியாகராஜா என்பவரைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன். பூதக்கண்ணாடிப் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தார்.

முறிந்த சுரப்பியில் ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, நெடுநேரம் பார்த்துவிட்டு டொரதியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்கோ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ. ஓம், அப்பிடித்தான்."

"பாய் பின்னுன மாதிரி ஏதோ தெரியுது சேர். ஆனா இடையில இடையில பிரிஞ்சு கெடக்கு."

"அதுகள்தான் கலங்கள். பட்டைச் சுரக்கிறதே அதுகள்தான். ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடக்க வேணும். இதிலை தண்ணியை உறிஞ்சி எடுத்துப்போட்டுது. சுருங்கி விலகிப்போச்சுதுகள். உள்ளுக்கை இருக்கிற பட்டுக்குழம்பும் இறுகிப்போச்சு. பிறகெப்பிடி நீளும்?"

"யாரு சேர் உறிஞ்சி எடுத்தா?"

"ஆரெண்டு எனக்குத் தெரியாது. எதெண்டு தெரியும்."

அவர் உயிரோடு இருந்த நல்ல புழு ஒன்றைப் பிளக்கச் சொன்னார். சுரப்பி ஈரமாய், பளபளப்பாய் வந்தது. தம் பையிலிருந்த ஸ்பிரிட் போத்தலைத் திறந்து அதன்மேல் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்தது. டொரதி தொட்டாள். முறிந்தது. விரலுக்கு அது பழகிப்போன முறிவு.

"மதுசாரம்," என்றார் தியாகராஜா. "உங்கட வினாகிரியிலை புளிப்புக் குறைவு, மதுசாரம் கூட. சாராயமோ கள்ளோ, எப்பிடி உள்ளுக்கை போச்சுதோ, அதை நான் சொல்லேலாது. இஞ்ச ஆராவது குடிக்கிறவையோ?"

துரை வாசலைப் பார்த்தார். வாசலில் கிளறன்ஸ் நின்றான். தனக்குத் தெரியாது தொர என்று தரையைப் பார்த்துச் சொன்னான். துரை கோபப்படவில்லை, அதுதான் டொரதிக்குப் பயமாக இருந்தது. தட்டில் இருக்கும் புழுக்கள் தலையைத் தூக்கிப் பழுக்கும்வரை பார்ப்பேன், அதுவும் அறுந்தால் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போனார்.

டொரதி கவனித்தது வேறொன்று. மதுசாரம் என்ற சொல் விழுந்தபோது துரை திடுக்கிட்டார், மூக்கையா வாயைப் பிளந்தான். கிளறன்ஸ் மட்டும் திடுக்கிடவில்லை. முன்பே தெரிந்த சேதியைக் கேட்டவன் போல நின்றான்.

அதற்குப் பிறகு அவன் செய்த ஒவ்வொன்றும் அவளுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. ஏன் சாப்பாட்டுக்கு முன் வாய் கொப்பளிக்கிறான்? வினாகிரி வாங்க கெலிஓயாவுக்குத் தானே போவேன் என்று ஏன் நின்றான்? ஸ்டோர் மூலையில் நிற்கும் பெரிய சாடியில் வினாகிரி எதற்காக இப்படிக் குறைகிறது? ஒருநாள் மத்தியானம் அவள் ஸ்டோருக்குள் போனபோது, அவன் சாடி மூடியைக் கையில் பிடித்தபடி, முகத்தை அதற்குள் கவிழ்த்துக்கொண்டு நின்றான். காலடிச் சத்தம் கேட்டதும் மூடியைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பல்லி கில்லி விழுந்திருக்கான்னு பாத்தேன்."

"பல்லியப் பாக்க மூக்கு எதுக்கு உள்ள போகணும்?"

அவன் இலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் அந்தப்பக்கம் மறைந்ததும் டொரதி கதவைச் சாத்தினாள். சாராயப் போத்தலை வினாகிரிக்குள் ஒளித்தால் யார் தேடுவார்கள்? மணமும் மறைந்துவிடும். தக்கை கசிந்தால் கொஞ்சம் சாடியில் கலக்கும். கலந்தால் நரம்பு அறும். எல்லாம் பொருந்தி வந்தது. ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுத் தோள்வரை சாடிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் கொஞ்சம் மண்டி வழுக்கியது. போத்தல் இல்லை. கயிறு இல்லை. ஒன்றுமில்லை.

சாயந்தரம் சோறு போடும்போது கிளறன்ஸ் அவள் கையைப் பார்த்தான். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை. அவன் மூக்கு விரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவள் எதற்காகக் கையை விட்டிருப்பாள் என்பது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக் குனிந்தவன் சாப்பிட்டு முடியும்வரை நிமிரவில்லை. அந்த மௌனத்தையும் டொரதி குற்றக்கணக்கிலேயே சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தலையிடி என்று சொல்லி அவனைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பினாள். போகிற வழியில் திரும்பி வருவான், ஸ்டோருக்குள் நுழைவான், பிடித்துவிடலாம். இலைக்கூடைகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். செபமாலையும் கையில் இருந்தது. ஆனால் செபம் ஓடவில்லை. பிடித்த பிறகு மடத்துக்கு எப்படிப் போவது, மதர் கேட்டால் என்ன சொல்வது என்றே மனம் ஓடியது.

கதவு திறந்தது. வந்தது மூக்கையா. நேரே சாடிக்குப் போய், இடுப்புத்துணியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து, மொண்டு, கண்ணை மூடிக் குடித்தான். குடித்துவிட்டு ஆவென்று ஒரு சத்தம் போட்டான்.

டொரதி எழுந்தாள். "மூக்கையா!"

சிரட்டை உருண்டது. "தாயி! நீங்க கோயிலுக்குப் போகலியா?"

"நீ எங்க இங்க?"

"எல போட வந்தேன் தாயி."

"எலய வாயிலயா போடுவ?"

"வயித்து வலி. வினாகிரி நல்லதுன்னு சொன்னாங்க..."

"எப்பயிருந்து வயித்து வலி?"

"தவறண மூடுனதுலேருந்து," என்று சொல்லிவிட்டு மூக்கையா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஊரில் வாக்கெடுத்துக் கள்ளுத் தவறணையை மூடியது அந்த வருஷம்தான். சுவாமியார், பள்ளிவாசல்காரர், புத்த விகாரை ஹாமுதுருவர் எல்லோரும் ஒன்றாய் நின்று மூடினார்கள்.

"வினாகிரியக் குடிச்சுட்டு எவனாவது இப்பிடிச் சிரிச்ச மொகத்தோட நிப்பானா?" என்று டொரதி கேட்டாள்.

"இது வினாகிரின்னு யாரு தாயி சொன்னது?" மூக்கையாவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "அவசரப்பட்டு எறக்குன பீப்பா இது. இன்னும் கொஞ்ச மாசம் கெடந்தா புளிச்சு வினாகிரி ஆகியிருக்கும். இப்ப இது கித்துள் மரத்துக் கள்ளுதான். கொஞ்சம் கோவத்துல இருக்கிற கள்ளு."

"தெரிஞ்சுகிட்டா இவ்வளவு நாளும் வாயத் தெறக்காம இருந்த?"

"தெறந்துகிட்டுத்தானே தாயி இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாடி குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மூக்கையா இல்லையே.

மறுநாள் கண்டிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கெலிஓயாவுக்குப் போனாள். வினாகிரி வாங்குவது அங்கே மக்கீன் நானாவின் கடையில். அரிசி, மிளகாய், கருவாடு, பின்புறத்தில் மூன்று பீப்பாய்களில் வினாகிரி. டொரதி சொன்னதைக் கேட்டதும் மக்கீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மெல்ல பேசுங்க தங்கச்சி. தொழ பள்ளிக்குப் போற ஆக்கள் போற நேரம். என்ட கடயில கள்ளா? யா அல்லாஹ்!"

"விக்கிறதுக்கு முந்தி ருசி பாக்கலியா நானா?"

"நான் எப்பிடிப் பாக்குற? வினாகிரி ஆகின பொறகு அது ஹலால். ஆகுறத்துக்கு முந்தி ஹராம். ஆகிடிச்சான்டு பாக்க வாய்ல வெச்சி, ஆகல்லன்டா நான் கள்ளு குடிச்ச மாதிரி முடியுமே! பீப்பாக்காரன் இத்தன நாளாச்சின்டு செல்றான், நான் நம்புற. ஊறுகா போடுற ஆக்கள் ஒத்தரும் ஒண்டும் செல்லல்ல."

ஊறுகாய்க்குள் போனது அங்கேயே கிடந்து புளித்துவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"அதுக்குத்தான் ஒங்கட மாப்பிள்ள கிளறன்ஸ்கிட்ட சென்னேன்," என்று மக்கீன் தொடர்ந்தார். "நீங்க கிறிஸ்தவ ஆக்கள், ஒங்களுக்கு ஹராம் இல்ல, ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்து செல்லுங்கன்டு. அவரு ரெண்டு கையயும் பின்னால கட்டிக்கொண்டு நின்டாரு, அடக்கப் போற ஜெனாஸாவப் பாக்குற மாதிரி. சுவாமியாருக்கு வாக்குக் குடுத்திரிக்காம். சரி, மூக்கால மணந்தாவது பாருங்கன்டேன். மணந்தாரு. மூஞ்சி மாறிச்சி. என்னன்டு கேட்டா, ஒண்டுமில்ல, ஏத்துங்கன்டு சென்னாரு."

டொரதி அங்கிருந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பீப்பாய் கள். அதன் இருபுறமும் இரண்டு ஆண்கள். ஒருவர் மார்க்கத்துக்காக நாக்கில் வைக்கவில்லை. மற்றவன் வாக்குக்காக வைக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏற்றச் சொல்லியிருக்கிறான். ஏன்? குடிக்க வசதியாக இருக்கும் என்றா?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"மொத நாளே ஒங்களுக்குத் தெரியும். அப்பிடித்தானே?"

கிளறன்ஸ் கதிரையில் உட்கார்ந்து புழுத்தட்டு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தான். கை நின்றது. "ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன கேட்டிருப்பே?"

"என்ன கேட்டிருப்பேன்? வேற பீப்பா..."

"இல்ல டொரதி. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டிருப்பே. மொதல்ல அதத்தான் கேட்டிருப்பே. தொரயும் அதத்தான் கேட்டிருப்பாரு. மூக்கால தெரிஞ்சுதுன்னு சொன்னா எவன் நம்புவான்? கள்ளுன்னு சொன்ன வாயத் தொறந்து காட்டச் சொல்லுவீங்க. தானா புளிச்சிடும், யாருக்கும் தெரியாமப் போயிடும்னு நெனச்சேன். தெனமும் போய் மணந்து பாத்தேன், மாறிடுச்சான்னு."

அன்று சாடியருகே அவள் கேட்ட கேள்வியே அவன் சொன்னதற்குச் சாட்சியாக நின்றது.

"அதுக்கு மட்டுந்தான் மணந்தீங்களா?" என்றாள் கடைசியில்.

வெளியே மூக்கையா யாரையோ ஏசிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் அடங்கும்வரை கிளறன்ஸ் தட்டைப் பின்னினான்.

"அதுக்கு மட்டுமில்ல," என்றான். "ஆனா குடிக்கல."

பொய் சொல்கிறவன் முதல் பாதியைச் சொல்லியிருக்கமாட்டான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், கெட்டிக்காரப் பொய்யன் அதைத்தான் சொல்வான் என்றது. எது சரியென்று அவளுக்குத் தெரியவில்லை. புழுக்கள் தலையைத் தூக்கத் தொடங்கியிருந்தன. அவள் இரண்டாம் மனத்தை அதன் பாட்டில் இருக்கவிட்டு, "சட்டயப் போடுங்க. கெலிஓயாவுக்குப் போறோம்," என்றாள்.

மக்கீனின் கடைப் பின்புறத்தில் மூன்று பீப்பாய்களும் திறக்கப்பட்டன. டொரதி முதலில் தானே மணந்தாள். மூன்றும் மூக்கைச் சுட்டன, மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். கூட வந்திருந்த மூக்கையா, தான் ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை பார்த்துச் சொல்கிறேன் என்று முன்வந்தான்.

"நீ நல்லதுன்னு சொல்றதத்தான் நாங்க விட்டுட்டுப் போகணும். தள்ளி நில்லு," என்றாள் டொரதி.

கிளறன்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். முதல் பீப்பாயில் நெடுநேரம் நின்றான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை டொரதி பார்த்தாள்; வேண்டுமென்றே பார்த்தாள். இரண்டாவதில் தலையை ஆட்டினான். மூன்றாவதில் குனிந்தவுடனே நிமிர்ந்துவிட்டான்.

"இது ஆகிடுச்சு. இதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

மக்கீன் சம்மதிக்கவில்லை. "அது ஆக புதுசு. பீப்பாக்காரன் முதலாவதத்தான் பழசு, ஆகினதுன்டு செல்றான். தங்கச்சி, கோவிச்சிக்கொள்ளாதீங்க. குடிச்சி வேலய விட்ட மனிசன்ட மூக்க நம்பி ஒங்கட வீட்டயே பணயம் வெக்கப் போறீங்களா?"

கிளறன்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

"வேற யாரோட மூக்கு இருக்கு நானா?" என்றாள் டொரதி. "ஒங்களது தொழுகக்குப் போகணும். என்னோடது ஒண்ணுக்கும் ஒதவாது. மூணாவது பீப்பாய ஊத்துங்க."

அன்று மாலை பழுத்த புழுக்களை அந்த வினாகிரியில் போட்டார்கள். காலையில் துரையும் கொட்டகைக்கு வந்து நின்றார். டொரதி ஒரு புழுவைப் பிளந்து, சுரப்பியை எடுத்து, இரு முனைகளையும் பிடித்தாள். இழுத்தாள். முன்பு முறிந்த இடத்துக்கு வந்ததும் விரல்கள் தாமாகத் தயங்கின. அது முறியவில்லை. மெல்ல, எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு நீண்டது. முழங்கை தாண்டியும் நீண்டது. பலகையில் குத்தியபோதுதான் அவள் மூச்சு விட்டாள்.

துரைக்கு நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். மூக்கையாவின் சிரட்டையைச் சொல்லும்போது மட்டும் துரை சிரித்துவிட்டார். அவன் செய்ததற்கு நிபந்தனைப்படி வெளியேற்ற வேண்டும்தான். ஆனால் வினாகிரி என்று விற்றதைக் குடித்தவனைக் குடிகாரன் என்பதா என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. அவனை இலைத்தோட்டத்தோடு நிற்கச் சொல்லி, பழைய சாடி புளித்து முடியும்வரை உள்ளேயே கிடக்கட்டும் என்று ஸ்டோர் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். கிளறன்ஸை இத்தனை நாள் தவறாக நினைத்துவிட்டோம் என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. எல்லோர் முன்னாலும் சாவியை அவனிடம் நீட்டினார்.

கிளறன்ஸ் கையை நீட்டவில்லை.

"எங்கிட்டக் குடுங்க தொர," என்றாள் டொரதி.

துரை அவளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவனுக்கு மனம் நோகும் என்று நினைத்திருப்பார்.

"ஆமா தொர," என்றான் கிளறன்ஸ், கொஞ்சம் அவசரமாகவே. "அவகிட்டயே இருக்கட்டும்."